மஜ்ஜைக்குள் மடை மாற்றுவது யார்?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 69 வயது. போன மார்கழியில் வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது சறுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகு எடுத்த டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். டி-ஸ்கோர் மைனஸ் 3.1. வாரம் ஒரு மாத்திரையும், கால்சியமும், வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர் சொன்னாரென்று ஒரு கிளினிக்குக்குப் போனோம். அம்மாவின் மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து, மைக்ரோ ஆர்.என்.ஏ. சேர்த்து ஊசியாகப் போட்டால் புது எலும்பு வளரும் என்கிறார்கள். கேட்கும் தொகை லட்சங்களில்.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. 2024-இல் நோபல் பரிசு அறிவித்தபோது மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இத்தனூண்டு சங்கிலி எலும்பை எப்படி உண்டாக்கும் என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் விழிப்பேன். கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள். பிரண்டையும் கேழ்வரகும் சாப்பிட்டால் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. மாறுமா என்று அம்மாவும் கேட்கச் சொன்னார்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் ஊசி விஷயத்தை முடித்துவிடுவோம் டீச்சர், பணம் கைமாறும் முன். போட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தப் புற்றுநோய் போன்ற குறிப்பிட்ட சில நோய்களுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைதான் ஏற்கப்பட்டது. எலும்பு அடர்த்திக் குறைவு அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத எதையும் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம். முறையான ஆய்வென்றால் அதில் சேரும் நோயாளியிடம் லட்சக்கணக்கில் பணம் கேட்க மாட்டார்கள். அந்தக் கிளினிக்கில் ஆய்வின் பதிவெண் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இனி உங்கள் மாணவியின் கேள்வி. மைக்ரோ ஆர்.என்.ஏ. எலும்பை உண்டாக்குவதில்லை. அது எதையுமே உண்டாக்காது. ஒரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. புரதமாக மாறவிடாமல் தடுப்பதுதான் அதன் தொழில். தடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒன்று, வளர்ச்சி என்கிற காரியத்தில் இத்தனை முக்கியமாக இருப்பதுதான் இதில் சுவாரசியம்.

அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்பதால் வேகமாகக் கடக்கிறேன். செல்லின் உட்கருவில் நீளமான முன்னோடி ஆர்.என்.ஏ. ஒன்று படியெடுக்கப்படுகிறது. ட்ரோஷா என்ற நொதி அதைக் கொண்டை ஊசி வடிவத்தில் சுமார் 70 எழுத்து நீளத்துக்கு நறுக்குகிறது. அது உட்கருவை விட்டு வெளியே வந்ததும் டைசர் என்ற இன்னொரு நொதி மேலும் நறுக்க, ஏறத்தாழ 22 எழுத்துகள் மிஞ்சுகின்றன. இந்தத் துண்டு ஆர்கோனாட் என்ற புரதத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தனக்குப் பொருந்தும் எழுத்துவரிசை உள்ள தூது ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடிக்கிறது. முழுதும் பொருந்த வேண்டிய அவசியமில்லை. அதன் தொடக்கத்தில் உள்ள ஏழெட்டு எழுத்துகள் பொருந்தினாலே போதும். பிடிபட்ட தூது சிதைகிறது, அல்லது புரதமாகாமல் கிடக்கிறது. விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவில் இதைக் கண்டார்கள். அது அந்தப் புழுவின் தனி விநோதம் என்றே ஏழாண்டுகள் உலகம் நினைத்திருந்தது. 2000-இல் கிடைத்த இரண்டாவது மைக்ரோ ஆர்.என்.ஏ. மனிதர் உட்படப் பல விலங்குகளிலும் இருந்ததால்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மனிதனின் புரத மரபணுக்களில் பாதிக்கு மேல் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் பிடியில் இருக்கின்றன என்பது இன்றைய கணக்கு.

ஏழெட்டு எழுத்து போதும் என்றேனே, அதை மறந்துவிடாதீர்கள். இதனால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களில் கைவைக்க முடியும். ஒரே மரபணுவைப் பத்துப் பதினைந்து மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் சேர்ந்து பிடித்து இழுக்கவும் முடியும். மருந்தாக்குவதில் வரும் தலைவலி முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது மஜ்ஜைக்குள் போவோம். 1960-களில் மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃபிரிடன்ஸ்டைன், மஜ்ஜை செல்களை எடுத்து உடலின் வேறிடத்தில் வைத்தால் அங்கே எலும்பு உருவாவதைக் காட்டினார். ரத்த செல்களைத் தரும் ஸ்டெம் செல் வேறு. மஜ்ஜையில் சொற்ப அளவில் இருக்கும் இந்தச் செல் வேறு. இது எலும்பாகலாம், குருத்தெலும்பாகலாம், கொழுப்பாகலாம். 1991-இல் இதற்கு மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கிய அமெரிக்கர் ஆர்னால்ட் கேப்ளானே, கிளினிக்குகள் அந்தப் பெயரைக் காட்டி வியாபாரம் செய்வதைப் பார்த்து, பெயரை மாற்றுங்கள் என்று 2017-இல் எழுதினார். நீங்கள் போன கிளினிக்கைப் பற்றித்தான் எழுதினாரோ என்று தோன்றும்.

இந்தச் செல் எலும்புப் பாதையில் இறங்க ரன்க்ஸ்-2 என்ற புரதம் வேண்டும். எத்தனை அவசியம் என்பதற்கு எலியே சாட்சி. 1997-இல் ஜப்பானில் தோஷிஹிசா கொமோரியின் குழு ரன்க்ஸ்-2 மரபணுவை நீக்கிய எலிகளைப் பிறக்கவைத்தது. அவற்றின் உடலில் குருத்தெலும்பாலான சட்டகம் இருந்தது, எலும்பு இல்லை. மூச்சுவிட முடியாமல் பிறந்தவுடனே இறந்துபோயின. மனிதர்களில் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால், தோள்பட்டைக் காறை எலும்பு இல்லாமல் அல்லது குறையாகப் பிறக்கிறார்கள். உச்சிக்குழி மூட நாளாகிறது. ஒரு பிரதி குறைந்ததற்கே இந்தப் பாடு. அப்படியென்றால் ரன்க்ஸ்-2 இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமல்ல, எந்த அளவில் இருக்கிறது என்பதும் முக்கியம். அளவைத் திருத்துவதுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் கைவேலை.

வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரே வாய்க்கால்தான். ஒரு மடையில் இரண்டு மண்வெட்டி மண்ணை அள்ளிப் போட்டு அடைத்தால் தண்ணீர் தானாக அடுத்த பாத்திக்குப் போய்விடும். மிர்-204 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்த மண். 2010-இல் வெளியான ஆய்வில், மிர்-204 கூடும்போது அது ரன்க்ஸ்-2-ஐ அமுக்கிவிடுகிறது, மஜ்ஜை செல்கள் கொழுப்புப் பாத்திக்குள் போகின்றன என்று தெரிந்தது. அதைத் தடுத்தபோது கொழுப்பு குறைந்து எலும்புச் செல்கள் கூடின. கொழுப்பை உண்டாக்கு என்று அது யாருக்கும் உத்தரவிடவில்லை. எலும்புப் பக்கத்தை அடைத்தது, அவ்வளவுதான்.

இந்த அடைப்பு ஒன்றிரண்டு அல்ல. எலும்பை வளரச் செய்யும் பி.எம்.பி.-2 என்ற புரதத்தைத் தசையாக வேண்டிய எலிச் செல்களுக்குக் கொடுத்து, அவற்றை எலும்பின் பக்கம் திருப்பினார்கள். அப்போது மாறிய மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் எத்தனை கூடின, எத்தனை குறைந்தன என்று மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் ஜேன் லியன், கேரி ஸ்டைன் குழு 2008-இல் எண்ணிப் பார்த்தது. 25-இல் 22 குறைந்திருந்தன. அப்படிக் குறைந்தவற்றில் மிர்-133 ரன்க்ஸ்-2-ஐப் பிடித்து வைத்திருந்தது. மிர்-135 ஸ்மாட்-5 என்ற சமிக்ஞைப் புரதத்தை. எலும்புக்கான கட்டளை என்று நாம் நினைத்த பி.எம்.பி.-2 செய்த பெரிய காரியம், தடைகளை விலக்கியதுதான். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த ஆய்வு இது. தசையாக வேண்டிய செல் தசையாகவே இருப்பதற்கு, நீ எலும்பாகாதே என்று ஒரு படையே சதா அதைத் தடுத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதே குழு 2011-இல் ரன்க்ஸ்-2-ஐ மட்டும் குறிவைக்கும் பதினொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பட்டியலிட்டது. அவற்றில் ஒன்றைத் தவிர மற்ற பத்தும் எலும்புச் செல் முதிர்வதைத் தாமதப்படுத்தின.

அப்படியென்றால் எல்லா மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் எலும்புக்குப் பகையா என்று அடுத்த பெஞ்சிலிருந்து கேள்வி வரும். இல்லை. தடையைத் தடுப்பதும் தடுப்பதுதானே! நம் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தில் செல்வமுருகன் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். ஸ்மர்ஃப்-1 என்ற புரதம் ரன்க்ஸ்-2-ஐச் சிதைவுக்கு அனுப்பும் வேலையைச் செய்கிறது. மிர்-15பி அந்த ஸ்மர்ஃப்-1-ஐ அமுக்குகிறது. ரன்க்ஸ்-2 பிழைத்துக்கொள்கிறது, எலும்புச் செல் முதிர்கிறது.

மிர்-29பி இன்னும் நுட்பம். எலும்புச் செல் உருவாகும்போது, அதைப் பின்னுக்கு இழுக்கும் பல புரதங்களை இது ஒடுக்கிப் பாதையைத் திறக்கிறது. செல் முதிர்ந்து, கொலாஜன் இழைகளை வேண்டிய அளவு நெய்து முடித்த பிறகு, அதே மிர்-29பி கொலாஜன் மரபணுக்களின் மீதே கைவைத்து உற்பத்தியைக் குறைக்கிறது. இழை அளவோடு நின்றால்தான் அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் ஒழுங்காகப் படியும். முதலில் தள்ளிவிட்டது, பிறகு நிறுத்துகிறது. நாள் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம் இது.

காலம் எத்தனை முக்கியம் என்பதை ஒரே பரிசோதனையில் பார்க்கலாம். டைசர் நொதியை நீக்கினால் ஏறக்குறைய எல்லா மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் போய்விடும். எலும்புச் செல்லாகப் போகும் இளம் செல்களில் டைசரை நீக்கியபோது எலிக்கருக்கள் பிறக்காமலே இறந்தன, எலும்பும் சரியாக உருவாகவில்லை. முதிர்ந்த எலும்புச் செல்களில் மட்டும் நீக்கியபோதோ, வளர்ந்த எலிகளில் எலும்பு கூடியது! 2010-இல் வந்த இந்த முடிவைப் படித்த பிறகு, மைக்ரோ ஆர்.என்.ஏ. எலும்புக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன்.

உங்கள் அம்மாவின் வயதுக்கு வருவோம். வயது ஏற ஏற மஜ்ஜையில் எலும்புச் செல்கள் குறைந்து கொழுப்பு கூடுகிறது. அந்தத் திருப்பத்தில் மிர்-188-க்குப் பங்குண்டு என்று 2015-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதை நீக்கிய எலிகளுக்கு முதுமையில் எலும்பிழப்பும் மஜ்ஜைக் கொழுப்பும் குறைவாக இருந்தன. அதற்கு முன்பே 2013-இல் இன்னொரு குழு, எலும்பு முறிந்த முதியவர்களிடமிருந்து எடுத்த எலும்புத் துண்டுகளைச் சோதித்திருந்தது. மிர்-214 அதிகமாக இருந்தவர்களிடம் எலும்பு உருவாவது குறைவாக இருந்தது. எலும்புச் செல்லுக்குத் தேவையான ஏ.டி.எஃப்.-4 என்ற புரதத்தை மிர்-214 அமுக்குகிறது. இன்னொன்றும் பின்னர் தெரியவந்தது. எலும்பை அரிக்கும் செல்களே மிர்-214-ஐச் சின்னஞ்சிறு கொழுப்புப் பைகளில் கட்டி, பக்கத்தில் எலும்பு கட்டிக்கொண்டிருக்கும் செல்களுக்கு அனுப்புகின்றன. இடிக்கிறவர் கட்டுகிறவரின் கையைப் பிடித்து நிறுத்துகிறார். நம் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இடித்துக் கட்டப்படுகிறது என்பதால், இந்தப் பேச்சுவார்த்தையில் சிறு பிசகு வந்தாலும் வருடக் கணக்கில் சேர்ந்துவிடும்.

மனிதரிலும் நேரடிச் சான்று உண்டு, அரிதாக. ஹெச்.டி.ஏ.சி.-5 என்ற புரதத்தை அமுக்கி ரன்க்ஸ்-2-ஐக் காக்கும் மிர்-2861, பிறவியிலேயே உருவாக முடியாதபடி மரபணு மாறியிருந்த, ஒரே உறவுக்குள் உள்ள இரண்டு வளரிளம் பருவத்தினருக்கு அந்த வயதிலேயே எலும்பு அடர்த்திக் குறைவு வந்திருந்தது. 2009-இல் பதிவான சேதி. மிர்-17~92 என்ற தொகுதியைத் தாங்கும் மரபணு குறைந்தவர்களுக்குக் குள்ளமும் விரல் எலும்புக் குறைபாடும் வருவது 2011-இல் தெரிந்தது. ஆனால் அம்மாவைப் போன்றவர்களுக்கு இப்படி ஒற்றைப் பிழையைக் கைகாட்ட முடியாது. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைவது, வெயில் படாத உடம்பு, அசைவு குறைந்த வாழ்க்கை, பரம்பரை என்று பல சேர்கின்றன.

சரி, கெட்டதைத் தடுத்து மருந்தாக்கலாமே? எலியில் ஆகிறது. மிர்-138-ஐத் தடுத்த மனித மஜ்ஜை ஸ்டெம் செல்களை எலியின் உடலில் வைத்தபோது எலும்பு 60 சதவீதம் கூடியது. மிர்-138-ஐக் கூட்டியபோது 85 சதவீதம் குறைந்தது. 2011-இல் டென்மார்க்கில் முஸ்தபா காசெம் குழு செய்தது. கிளினிக்குகள் காட்டும் படங்கள் இது போன்ற ஆய்வுகளிலிருந்து வந்தவையாக இருக்கலாம். ஆய்வு பொய்யில்லை. ஆனால் தயார் செய்த செல்லைத் தோலுக்கடியில் ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பதும், 69 வயதுப் பெண்ணின் இடுப்பு, முதுகு, மணிக்கட்டு என உடம்பு முழுக்க வலுவிழந்த எலும்பைத் திருத்துவதும் ஒன்றல்ல.

சிக்கல், அந்த ஏழெட்டு எழுத்துகள். மிர்-214 எலும்புக்கு இடைஞ்சல் என்று உடம்பு முழுதும் அதைத் தடுத்தால் என்னவாகும்? எலிகளில், ரத்த ஓட்டம் தடைபடும்போது இதயத்தைக் காப்பாற்றுவதும் அதே மிர்-214-தான். ஆகவே மருந்து எலும்பு கட்டும் செல்லுக்கு மட்டும் போக வேண்டும். ரத்தத்தில் செலுத்தும் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய்விடுகிறது. எலும்பு உருவாகும் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் சிறு புரதத் துணுக்கைக் கொழுப்புக் குமிழியில் பொருத்தி அனுப்பும் முறையை ஹாங்காங் ஆய்வாளர்கள் 2012-இல் எலியில் நன்றாகவே செய்து காட்டினார்கள். மனிதருக்கு வரவில்லை. புற்றுநோய்க்காக மிர்-34ஏ-யின் செயற்கை நகலைக் கொடுத்துப் பார்த்த முதல் மனித ஆய்வு, நோயெதிர்ப்பு மண்டலம் சார்ந்த கடுமையான பக்கவிளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. எலும்புக்கென்று ஒப்புதல் பெற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து எங்கும் இல்லை. முதலில் வரக்கூடியது, என் ஊகத்தில், உடம்பு முழுவதற்குமான ஊசியாக இருக்காது. ஒட்டாத எலும்பு முறிவிலும் பல் எலும்பிலும் வைத்துத் தைக்கும் பொருளில் கலந்து, அந்த இடத்தோடு நிற்கிற ஒன்றாகத்தான் இருக்கும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 2012-இல் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது: சோற்றிலுள்ள அரிசியின் மைக்ரோ ஆர்.என்.ஏ. சாப்பிட்டவரின் ரத்தத்தில் கலந்து கல்லீரல் வரை வேலை செய்கிறது என்று. சோறு தின்னும் நமக்கெல்லாம் ஒரு கணம் பகீரென்றது. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது உறுதிப்படவில்லை. எனவே கேழ்வரகின் மைக்ரோ ஆர்.என்.ஏ. அம்மாவின் எலும்புக்குள் போய்ப் பேசும் என்று நம்ப வேண்டாம். கேழ்வரகின் பெருமை வேறு: 100 கிராம் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கூழோ களியோ அடையோ, தாராளமாகக் கொடுங்கள். பிரண்டைச் சாறு எலும்புச் செல்களைத் தூண்டுவதாக ஆய்வகத்திலும் எலிகளிலும் முடிவுகள் உண்டு. மனிதரில் நடந்தவை சிறிய ஆய்வுகள். துவையல் அரைத்துச் சாப்பிடட்டும், மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

அந்த வாராந்திர மாத்திரை அநேகமாக எலும்பு அரிப்பைக் குறைக்கும் பிஸ்பாஸ்பனேட் வகையாக இருக்கும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் படுக்காமல், காபியும் குடிக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், உடம்பிலும் சேராது. கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. ஏற்கெனவே ஒருமுறை முறிந்திருப்பதாலும் டி-ஸ்கோர் மைனஸ் 3-க்கும் கீழே இருப்பதாலும், எலும்பு கட்டும் செல்லையே தூண்டுகிற டெரிபராடைட் ஊசி அம்மாவுக்குப் பொருந்துமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். 2002 முதல் புழக்கத்தில் உள்ள மருந்து அது. புது எலும்பு வளர வேண்டும் என்ற ஆசைக்கு இன்று கையில் இருக்கும் நேர்மையான பதில் அதுதான். தினமும் நடக்கச் சொல்லுங்கள். பாரம் தாங்காத எலும்பு கரையும். பின்னங்காலைத் தூக்கிக் கட்டிய எலிகளிலும் விண்வெளி வீரர்களிலும் அதைப் பார்த்திருக்கிறோம். குளியலறையில் சுவரோடு ஒரு கைப்பிடி பொருத்துங்கள், வழுக்காத தரைவிரிப்பு போடுங்கள், கண் பரிசோதனை செய்யுங்கள். அடுத்த டெக்ஸாவை ஓரிரு ஆண்டுகள் கழித்து, முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுங்கள். இயந்திரம் மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது. மார்கழியில் கோலத்தை அம்மாவே போடட்டும். வாசலில் தெளித்த தண்ணீர் காய்ந்த பிறகு, முக்காலியில் உட்கார்ந்து.